எச்சில் தொட்ட முடிச்சு

முடிச்சை இறுக்குவதற்கு முன்னால் பல்லுக்காரர் அதை வாய்க்குள் வைத்து எச்சிலில் நனைத்துக்கொள்கிறார். காய்ந்த தூண்டில் நரம்பை அப்படியே இழுத்தால் உரசிச் சூடேறி, இருக்கிற பலத்தில் பாதி போய்விடும் என்பது அவர் கட்சி. நனைத்த பிறகு, தூங்கும் குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடுகிறவர்போல நிதானமாக இறுக்குகிறார். இறுகியதும் தூண்டில் முள்ளைச் செருப்பு வாரில் மாட்டி, நரம்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, முதுகு வளைய இழுத்துப் பார்க்கிறார். நீட்டிக்கொண்டிருக்கும் வாலைப் பல்லால் கடித்துத் துண்டிக்கிறார். அந்தத் துண்டைத் துப்புவதில்லை. விரலால் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். கரையில் விட்டால் பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளுமாம். திங்கட்கிழமை துணி ஊறப்போடும்போது அவர் மனைவி அந்தப் பையை வெளியே இழுத்து உதறுவாள். நரைமுடிபோல நாலைந்து துண்டுகள் உதிரும்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு நிமிடம் போதும். இப்போது கால்மணி நேரம் ஆகிறது. கை முடிச்சில் இருக்க, முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும், அடுத்த தெருவில் யாரோ கூப்பிடுவதற்குக் காது கொடுக்கிறவர்போல. இதைக் கர்வம் என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. நேரே பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஓரத்தில்தான் உலகம் மிச்சமிருக்கிறது. இடது கண்ணின் நடுப்பார்வை இரண்டு வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. வலது கண் இப்போது அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. ஊசி போட்டுக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம், நிறுத்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாராவது துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டால், "சினிமா கொட்டகையில தூணுக்குப் பின்னாடி சீட்டு கிடைச்ச மாதிரிங்க. படம் ஓடுது. கதாநாயகன் மூஞ்சி மட்டும் தெரியல" என்பார். கேட்டவர் சிரிப்பார். இவர் சிரிக்கமாட்டார்.

முப்பத்தொரு வருடங்களாகப் பல் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கு, கடைத்தெருவின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து பல் செய்து அனுப்புகிற ஆள். இந்த நகரத்தில் எத்தனையோ பேர் அவர் செய்த பல்லால் சிரிக்கிறார்கள், யாரையும் அவருக்குத் தெரியாது. தெருவில் ஒருவர் வாயைத் திறந்தால் மட்டும், "கீழ்வரிசை நம்மளோடது" என்று மனைவியிடம் கிசுகிசுப்பார். செய்த பல்லின் விளிம்பை நாக்கு நுனியால் தடவிப் பார்ப்பது அவர் பழக்கம். முதலாளிக்கு அது பிடிக்காது. ஆனாலும் பல்லை டாக்டருக்கு அனுப்புமுன் மருந்துத் தண்ணீரில் போட்டுவிடுவதால் பொறுத்துக்கொண்டார். "கண்ணு ஏமாறும். நாக்கு ஏமாறாது. அதுக்கு எல்லாமே பெரிசாத் தெரியும். சோத்துல ஒரு மணல் கிடந்தா மலை மாதிரி இல்ல?" என்பது பல்லுக்காரரின் நியாயம்.

ஆனால் நிறத்தை நாக்கால் பார்க்க முடியாது. பல்லுக்குப் பதினாறு வெள்ளை உண்டு. பதினாறு மாதிரிப் பற்களை விசிறிபோலக் கோத்து வைத்திருப்பார்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துவிட வேண்டும். ஒரு பள்ளிக்கூட டீச்சரின் முன்பல்லுக்கு அவர் எடுத்த வெள்ளை மூன்று படி தள்ளிப்போய்விட்டது. டீச்சர் வகுப்பில் வாயைத் திறந்ததும் பின்பெஞ்சிலிருந்து "டியூப்லைட்" என்று ஒரு குரல் வந்ததாம். அந்தப் பல் திரும்பி வந்தது. அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. "அண்ணே, கொஞ்ச நாளைக்கு நீங்க மாவு வேலையைப் பாருங்களேன்" என்றார். அச்சுக்குள் பிளாஸ்டர் மாவு கலந்து ஊற்றும் வேலை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். அன்றிலிருந்து அவர் முழங்கை வரை வெள்ளையாக வீட்டுக்கு வருகிறார்.

அந்தச் சமயம் நாற்பது நாட்களுக்கு மேல் அவர் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. வேலை விட்டு வந்தால் சுவரைப் பார்த்து உட்காருவார். சுவரின் நடுவிலும் ஒன்றும் இல்லாததால் அது அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கலாம். ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரோரம் அவர் நின்ற விதம் மனைவிக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் மாடிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினாள். சாவி அவளுடைய கைப்பைக்குள் இருக்கிறது. அந்தப் பூட்டைப் பற்றி இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தூண்டில் கோலை எடுத்துத் துடைத்து அவர் மடியில் வைத்தவளும் அவள்தான். "தூசி அடைஞ்சு கிடக்கு. ஞாயித்துக்கிழமை போகலாம்" என்றாள். அவர் கோலைத் தடவிப் பார்த்துவிட்டு, "யார் பார்ப்பா?" என்றார். "நான் பார்க்கிறேன்."

நகரம் முடியும் இடத்தில், செங்கல் சூளைக்குப் பின்னால், மண் தோண்டித் தோண்டிக் குளமாகிவிட்ட பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அதில் கெண்டைகள் உண்டு. பெரியவை, கிழடுகள், முழங்கை நீளத்துக்கு மேல். கரையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மாவு உருண்டையும் தக்கையுமாக வாரந்தவறாமல் உட்கார்ந்திருப்பார். உருண்டையைப் போடுவார், தக்கை மூழ்கும், இழுப்பார், கெண்டை வரும். பல்லுக்காரர் மாவு தொடமாட்டார். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சிபோலச் செய்த ஒன்றை வைத்துக் கெண்டையை ஏமாற்றுவதுதான் அவருக்கு வேண்டும். அந்தப் பூச்சிக்கு எடையே கிடையாது, ஊதினால் போய்விடும். எடை கயிற்றில் இருக்கிறது. ஷூ லேஸ் பருமனில் மஞ்சள் கயிறு, அதன் நுனியில் நரம்பு. அதைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, காற்றில் நீளவிட்டு, பூச்சியைக் கெண்டையின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். தக்கை இல்லை. கடித்ததைச் சொல்ல ஆள் இல்லை. கெண்டை உறிஞ்சும், பிடிக்காவிட்டால் உடனே துப்பிவிடும். அந்த ஒரு கணத்தைக் கண்ணால் பார்த்துக் கோலைத் தூக்க வேண்டும்.

"ஏன் பல்லு, இவ்வளவு கஷ்டப்படுறதுக்கு அதுக்கு ஒரு லெட்டர் போட்டு வரச்சொல்லக் கூடாதா?" என்பார் டிரைவர்.

"உன் மீனுக்குப் படிக்கத் தெரியாதேப்பா. மாவுதானே தெரியும்" என்பார் பல்லுக்காரர்.

அவருக்குக் கெண்டைமேல் உள்ள மரியாதை அதன் வாயிலிருந்து தொடங்குகிறது. முதல் கெண்டையைப் பிடித்த அன்று, தொழில் புத்தியில், உதட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தாராம். ஒரு பல் இல்லை. வெறும் ரப்பர். பிறகுதான் யாரோ சொன்னார்கள், கெண்டைக்குப் பல் தொண்டைக்குள் இருக்கிறது என்று. அன்றிலிருந்து அதைப் புதிதாகப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார். "வாயில ஒண்ணும் இருக்காதுங்க. தொண்டையில வச்சிருக்கும். எல்லாத்தையும் அங்கேயே வச்சு மென்னுடும், வெளிய தெரியவே தெரியாது." மனைவி இந்த வசனத்தை எண்ண முடியாத தடவை கேட்டிருக்கிறாள்.

அவள் வேலை பார்த்தது தையல் ஆலையில், பரிசோதனை மேசையில். இருபத்தெட்டு வருடம். ஓடுகிற சட்டைகளில் ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண்ணில் படாமல் போகாது. குறை கண்ட இடத்தில் சிவப்பு வில்லையை ஒட்டித் திருப்பியனுப்புவாள். அழுது கேட்டாலும் விடமாட்டாள் என்று பெயர். தைக்கிற பெண்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'சிவப்பு'. அந்தக் கண்கள் இப்போது குளத்தின் மேல் இருக்கின்றன. கடிகார முள்போலத் திசை சொல்வது இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த ஏற்பாடு. "பத்து மணி. மூணு கோல் தூரம். தலை இடப்பக்கம்" என்பாள். அவர் வீசுவார். சிக்கல் அதற்குப் பிறகுதான். கெண்டை உறிஞ்சுவதை அவள் பார்த்து, வாய் திறந்து, அவர் காதில் விழுந்து, கை எழுவதற்குள் மீன் துப்பிவிட்டுப் போயிருக்கும். முதலில் "இப்போ" என்று சொல்லிப் பார்த்தாள், நீளம். "தூக்கு" என்றாள், அதுவும் நீளம். "'டா'ன்னு சொல்லேன், அது சின்னது" என்றார் அவர். "நாப்பது வருஷத்துல சொல்லாததை ஒரு மீனுக்காகச் சொல்லணுமா?" கடைசியில் "ம்" என்று முடிவாயிற்று. வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

அப்படியும் மீன் வரவில்லை. பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள். தன் கண்ணை அவர் குறை சொல்லவில்லை, அவள் கண்ணையும் சொல்லவில்லை. சாமான்களைத்தான் சொன்னார். ஐந்தாம் நம்பர் கோல் ஓடையில் சின்ன மீனுக்கு ஆனது, கெண்டை ஓட ஆரம்பித்தால் அது வெறும் துடைப்பக்குச்சி என்று ஏழாம் நம்பருக்கு மாறினார். ரீலில் பிரேக் வெடுக்கென்று பிடிக்கிறது என்று அதைக் கழற்றி எண்ணெய் போட்டார். பூச்சியின் நிறம் சேற்றோடு ஒட்டவில்லை என்று, வேலையிடத்திலிருந்து அந்தப் பல் விசிறியை எடுத்துவந்து, கரைச் சேற்றின் பக்கத்தில் ஒவ்வொரு பல்லாகப் பிடிக்க, எது ஒத்துப்போகிறது என்று மனைவி சொல்ல வேண்டியதாயிற்று. "பதினாலாவது பல்லுங்க. புகையிலை போடுறவர் பல்" என்றாள். அந்த நிறத்தில் ஆறு பூச்சிகள் செய்தார்கள். நரம்புதான் தீராத வழக்கு. மெல்லிய நரம்பு கட்டினால் கெண்டை நம்பும், ஆனால் இழுத்தால் அறும். தடித்த நரம்பு தாங்கும், ஆனால் கெண்டை பார்த்துவிட்டு விலகிப்போகும். ஒரு வாரம் மெலிசு, ஒரு வாரம் தடி. சுருளின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை அவள் படித்துச் சொல்வாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதே பேச்சுதான். கோல் வைத்திருக்கும் குழாயைக் காட்டிக் கண்டக்டர், "பிளம்பிங் வேலைங்களா?" என்று ஒருநாள் கேட்டார். "ஆமா, அடைப்பு எடுக்கப் போறோம்" என்றார் பல்லுக்காரர்.

மூன்றாம் வாரம் ஒரே ஒரு மீன் மாட்டி, மூன்று நொடியில் அறுத்துக்கொண்டு போனது. அன்று அவர் அவளுக்கு முனை படிக்கச் சொல்லிக்கொடுத்தார். நரம்பே அறுந்திருந்தால் முனை நேராக இருக்கும். முடிச்சு நழுவியிருந்தால் பன்றிக்குட்டி வால்போலச் சுருண்டிருக்கும். அவள் பார்த்து, நேராக இருக்கிறது என்றாள். அவர் முகத்தில் நிம்மதி வந்தது. "அப்ப நரம்பு மேலதான் தப்பு. கை மேல இல்ல."

முடிச்சை நான் போட்டுத் தரட்டுமா என்று அவள் அப்போது கேட்டிருக்கிறாள். ஊசி நூல் பழகிய கை. அவர் நரம்புச் சுருளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு, "கண்ணு உன்னோடதா இருந்துட்டுப் போகட்டும். முடிச்சு என்னோடது" என்றார். "அது என்னிக்கு நழுவுதோ, அன்னிக்குக் கோலைத் தூக்கி டிரைவர்கிட்டக் கொடுத்துடு. அதுக்கப்புறம் எதுவும் வேண்டாம்." எதுவும் என்று அவர் சொன்னபோது அவள் கை தானாகப் போய்க் கைப்பையை, சாவி இருந்த இடத்தை, அழுத்திப் பிடித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தடித்த நரம்பின் முறை. தடித்த நரம்பு முரண்டு பிடிக்கும். ஐந்து சுற்றுச் சுற்றினால்தான் முடிச்சு நிற்கும். அவர் விரலால் எண்ணிக்கொண்டு சுற்றினார். மூன்றாவது சுற்றில் டிரைவர் அந்தப் பக்கத்திலிருந்து, "பல்லு, இன்னிக்காவது எதையாவது கடிக்குமா, இல்ல உன் பல்லை நீயேதான் கடிச்சுக்கணுமா?" என்றார். இவர் நிமிர்ந்து பதிலுக்கு ஏதோ சொன்னார். மறுபடி குனிந்து, இன்னொரு சுற்றுச் சுற்றி, நரம்பை வளையத்துக்குள் விட்டார். நாலு. அவள் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள். நாலைத்தான் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தவள் 'முடிச்சு என்னோடது' என்றது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். அவர் முடிச்சை வாய்க்குள் வைத்து நனைத்தார், இறுக்கினார், செருப்பு வாரில் மாட்டி இழுத்தார். பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டதே, போதும் என்று அவளும் இருந்துவிட்டாள்.

வெயில் ஏறித் தண்ணீருக்குள் தரை தெரியத் தொடங்கிய நேரம். கரையோரச் சரளையில் ஒரு கெண்டை தலைகீழாக நின்று மேய்ந்துகொண்டிருந்தது. வால் மட்டும் தண்ணீருக்கு மேலே அசைந்தது. சுற்றிலும் சேறு புகைந்தது. "பதினோரு மணி. ரெண்டு கோல் தூரம். தலை வலப்பக்கம்" என்றாள், மூச்சுக்குள். அவர் ஒரே வீச்சில் அனுப்பினார். பூச்சி தாண்டிப்போய் விழுந்தது. "இழுங்க... இன்னும்... விடுங்க." பூச்சி இறங்கியது. பூச்சி அவளுக்குத் தெரியவில்லை. கெண்டையின் செவுள்கள் அசைவது நின்றது தெரிந்தது. உடம்பு ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்தது. உதடு திறந்து உள்ளே வெள்ளை தெரிந்த கணத்தில், அவளையறியாமல், "ம்."

கோல் எழுந்தது. எழுந்தது அப்படியே வளைந்து நின்றது.

ரீல் அலறியது. கயிறு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு குளத்தின் நடுவுக்குப் போனது. பல்லுக்காரர் இரண்டு கைகளாலும் கோலைப் பிடித்துக்கொண்டு, ஓரமாகத் திருப்பிய முகத்தோடு சிரித்தார். பல் செய்கிறவரின் சொந்தப் பல்லை அவள் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. டிரைவர் தக்கையை விட்டுவிட்டு எழுந்து வந்தார். "பிரேக்கை விடாத பல்லு, பெரிசு, பெரிசு." மீன் ஒருமுறை புரண்டது, பொன்னிறமாக, சமையலறைக் கதவளவு. அவர், "எவ்வளவு இருக்கும்? சொல்லு, எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் கையை அகல விரித்துக் காட்டினாள். அவருக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

கோல் நிமிர்ந்துவிட்டது. அவ்வளவுதான். ரீல் நின்றது. குளத்தின் நடுவில் ஒரு வட்டம் பெரிதாகிக்கொண்டே போய்க் கரையைத் தொட்டது.

டிரைவர் தன் இடத்துக்குத் திரும்பிப்போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பல்லுக்காரர் கயிற்றைச் சுற்றினார். அவசரமே இல்லாமல், கனமே இல்லாமல், மொத்தக் கயிறும் வந்து சேர்ந்தது. அதன் நுனியில் நரம்பு. நரம்பின் நுனியில் பூச்சி இல்லை.

"முனையைப் பாரு" என்றார்.

அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடம் பார்த்த கண். பன்றிக்குட்டி வால், ஒரு சுருள், இரண்டாவது சுருள், மூன்றாவது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. கைப்பை தோளில் இருந்தது.

"நேராத்தாங்க இருக்கு."

"இவ்வளவு தடி நரம்பு எப்படி அறுந்துச்சு?"

"கல்லுல உரசியிருக்கும். அடியில பூரா கல்லுதான்."

அவர் கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க அவளிடம் காரணம் இல்லை. கொடுத்தாள். அவர் அந்த முனையை விரலில் தேடி எடுத்து, பழக்க தோஷத்தில், கீழுதட்டில் வைத்தார். பிறகு நாக்கு நுனிக்குக் கொண்டுபோனார். அவள் குளத்தைப் பார்த்தாள். பார்க்க அங்கே ஒன்றுமில்லை, தெளிந்துவிட்ட தண்ணீர்தான். வெகுநேரம் நாக்கிலேயே வைத்திருந்தார். அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

பிறகு சுருண்டிருந்த பகுதியை முன்பற்களுக்கு நடுவே கொடுத்து, ஒரே கடியில் கடித்தார். கடித்த துண்டைத் துப்பவில்லை. விரலால் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மிச்ச நரம்பின் முனையை, அவள் முகத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தபடி, அவள் பக்கம் நீட்டினார். இப்போது அது நேராக இருந்தது.